இந்த சீடியில இன்னும் இடம் இருக்குதுங்களா?

பதுளையில் ஸ்டூடியோவும் கொமினிகேஷனும் சேர்ந்த ஒரு கடையில் வேலை பார்த்த காலத்தில், நான் கேமரா பிடித்ததைவிட சீடி எழுதியதுதான் அதிகம். 2003, 2004 அளவில் தொடங்கி அடுத்த பத்து வருஷம், பசறை, ஹாலிஎல, மடுல்சீமை, நமுனுகுல பக்கமிருந்து டவுனுக்கு வருகிற தோட்டத்து ஜனங்களுக்கு அல்பம், டிரங்குப் பெட்டி இரண்டின் வேலையையும் சீடிதான் செய்தது. கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா, காமன் கூத்து, செத்தவீடு, குவைத்துக்குப் போன மகள் பார்ப்பதற்கென்று எடுத்த பேரப்பிள்ளை படம், எல்லாம் அதற்குள் போகும். கொஞ்ச காலம் கழித்து அதே சீடி உறையோடு திரும்பி வரும். மேசையில் வைத்துவிட்டுக் கேட்பார்கள்: "தம்பி, இந்த சீடியில இன்னும் இடம் இருக்குதுங்களா? இருந்தா இதுலயே போட்டுருங்க."

பல கடைகளில் இதற்குக் கிடைக்கிற பதில், "ஒருக்கா எழுதுனா எழுதுனதுதான், புதுசு வாங்குங்க" என்பது. அது சரியான பதில் இல்லை. முதல் தடவை எழுதும்போது மூடிவிடாமல் விட்டிருந்தால், இடம் மீதி இருந்தால், தாராளமாகச் சேர்க்கலாம். இதை நம்பித்தான் நான் அந்த வேலையைச் செய்தேன். இன்றைக்கும் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களின் அலுமாரிகளில் கிடக்கிற சீடிகளைப் பற்றி எனக்குக் கவலை இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

காசு ஒரு காரணம். 2009 கூட்டு ஒப்பந்தத்தில் தோட்டத் தொழிலாளியின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 285 ரூபாய். விடிய எழும்பி ஆள்கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய், பின்னேரம் வரைக்கும் கொழுந்து எடுத்து ஒரு பேர், அதாவது ஒரு முழு நாள் கணக்கு, போட்டால் கிடைப்பது அது. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். அதில் ஒரு வெற்று சீடிக்கும் எழுதுகூலிக்கும் கொடுப்பதென்றால் யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் காசைத் தாண்டியும் ஒன்று இருந்தது. ஒரு குடும்பத்தின் படமெல்லாம் ஒரே இடத்தில் இருக்கவேண்டும் என்ற ஆசை. கல்யாணப் படம் இருக்கிற அதே சீடியில் பிள்ளைக்குப் பெயர் வைத்த படமும் இருக்கட்டும் என்று கேட்கிறவர்கள் சீடியை ஒரு குடும்பப் புத்தகமாகத்தான் நினைத்தார்கள். அப்படி நினைப்பதற்கு அந்தத் தட்டு இடம் கொடுக்கிறது என்பது எனக்கு அந்தத் தொழிலில் பிடித்த விஷயம்.

இனி அது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்கிறேன்.

எழுதுகிற சீடியில், பிளாஸ்டிக்குக்கும் பளபளக்கிற உலோகப் படலத்துக்கும் நடுவில் மெல்லிய சாயப் படலம் ஒன்று இருக்கிறது. லேசர் அதைச் சுட்டு அடையாளம் போடும். சுட்ட சாயம் பழைய நிலைக்குத் திரும்பாது. ஜப்பானின் தையோ யூடென் கம்பெனி 1988இல் இந்தத் தட்டை உருவாக்கியது. 1990இல் பிலிப்ஸும் சோனியும் வெளியிட்ட ஆரஞ்சுப் புத்தகம் என்ற விதித்தொகுப்பு இதற்கு இலக்கணம் வகுத்தது. எழுத்து உள் விளிம்பில் தொடங்கி வெளி விளிம்பை நோக்கிப் போகும். ஒரு தடவை எழுதி முடிக்கிறபோது, எழுதிய பகுதிக்கு முன்னால் ஒரு வேலியும் பின்னால் ஒரு வேலியும் போடப்படும். இரண்டு வேலிக்கும் நடுவில் இருப்பதைத்தான் செஷன் என்கிறோம். அடுத்த தடவை எழுதினால் பழைய பின்வேலிக்கு வெளியே புதிய முன்வேலி, புதிய பைல்கள், புதிய பின்வேலி. இப்படியே வெளி விளிம்பு வரை போகலாம்.

கண்ணாலேயே பார்க்கலாம் இதை. சீடியின் அடிப்பக்கத்தை டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்துச் சாய்த்தால், எழுதிய பகுதி ஒரு நிறமாகவும் எழுதாத பகுதி இன்னொரு நிறமாகவும் தெரியும். செஷன் முடிகிற ஒவ்வொரு இடத்திலும் மயிரிழை மாதிரி ஒரு வட்டக் கோடு ஓடும். ஒரு சீடி என் கைக்கு வந்தால் கணினியில் போடுவதற்கு முன்னால் இந்த வளையங்களைத்தான் எண்ணுவேன். மூன்று வளையம் தெரிகிற சீடியை டிரைவில் போட்டு, திரையில் ஒரு தடவை எழுதிய பைல்கள் மட்டும் தெரிந்தால், உள்ளே ஏதோ மறைந்து கிடக்கிறது என்று அர்த்தம்.

வேலிக்கு இடம் போகும். முதல் செஷனை மூட 22 மெகாபைட்டளவு, அதன் பிறகு ஒவ்வொன்றுக்கும் 13 மெகாபைட்டளவு. 700 மெகாபைட் சீடியில் பத்துத் தடவை சேர்த்து எழுதினால் ஏறக்குறைய 139 மெகாபைட் வேலிக்கே போய்விடும். ஆகவே இரண்டு படத்தைச் சேர்ப்பதற்கென்று பசறையிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களிடம், "அக்கா, தீவாளிப் படத்தையும் சேர்த்து ஒன்னா எழுதுவோமே" என்று சொல்லி, படங்களைக் கடைக் கணினியில் ஒரு போல்டரில் போட்டு வைப்பேன். அவர்களுக்கும் பஸ் காசு மிச்சம்.

சேர்த்து எழுதுவதில் உயிர்நாடியான விஷயம் வேறொன்று. ஒவ்வொரு செஷனுக்கும் தனியாக ஒரு பெயர்ப்பட்டியல் உண்டு. எந்த பைல் தட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்வது அந்தப் பட்டியல்தான். கணினி சீடியைத் திறக்கும்போது கடைசிச் செஷனின் பட்டியலை மட்டுமே வாசிக்கும். தோட்டத்தில் மாசாமாசம் புதிதாக எழுதுகிற செக்ரோல் என்ற பேர்ப்பதிவு மாதிரி இது. போன மாசம் வேலை செய்தவரின் பெயரைக் கணக்கப்பிள்ளை இந்த மாசச் செக்ரோலில் எழுதாமல் விட்டால், ஆள் லயத்தில்தான் இருப்பார், சம்பளம் மட்டும் வராது. புதிய செஷன் எழுதும்போது பழைய பட்டியலை உள்ளே எடுத்து, பழைய பெயர்களையும் புதிய பட்டியலில் ஏற்றவேண்டும். ஏற்றினால், பழைய படங்கள் தாங்கள் இருந்த பழைய இடத்திலேயே இருக்க, புதிய பட்டியல் அவற்றையும் சுட்டிக் காட்டும். ஏற்றாவிட்டால் பழையவை தட்டில் பத்திரமாக இருந்தும் திரையில் வராது.

அந்தக் காலத்தில் எங்களுக்கெல்லாம் நீரோ மென்பொருள்தான் கைப்பழக்கம். அதில் மூன்று வழி கேட்கும்: ஸ்டார்ட் மல்டிசெஷன், கன்டினியூ மல்டிசெஷன், நோ மல்டிசெஷன். வெற்று சீடிக்கு முதலாவது. பிறகு சேர்ப்பதற்கு இரண்டாவது. இனிமேல் சேர்க்கவே போவதில்லை என்றால் மூன்றாவது. அவசரத்தில் வேலை செய்கிற கடைகளில், எழுதிய சீடியைப் போட்டுவிட்டு மறுபடியும் ஸ்டார்ட் என்பதையே அழுத்திவிடுவார்கள். நீரோ அதற்கும் எழுதிக் கொடுக்கும். சேர்ந்தது ஒரு தனிச் செஷன், பழைய பட்டியலோடு தொடர்பில்லாமல். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் கல்யாணப் படத்தைக் காணோம், சடங்குப் படம் மட்டும் இருக்கிறது. தோட்டத்து வீடுகளில் அழுகையும் சண்டையும் வந்ததற்கு இது ஒன்றே போதுமான காரணமாக இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி வந்த பிறகு, அதில் உள்ளேயே இருந்த சீடி எழுதும் வசதி பழைய பட்டியலைத் தானாக எடுத்துக்கொண்டது. அந்த வகையில் அது பல குடும்பங்களைக் காப்பாற்றியது என்றே சொல்வேன்.

பட்டியலை எடுத்தாலும் இன்னொரு குழி உண்டு. டிஜிட்டல் கேமராக்கள் படத்துக்குத் தாமே பெயர் வைக்கும்: டிஎஸ்சி00001, டிஎஸ்சி00002 என்று. மெமரி காட்டை அழித்தால் சில கேமராக்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். கல்யாணப் படத்துக்கும் டிஎஸ்சி00001, தேருக்கும் டிஎஸ்சி00001. ஒரே போல்டருக்குள் இரண்டாவதைச் சேர்த்தால், பட்டியலில் அந்தப் பெயருக்குப் புதிய படம் வந்து உட்கார்ந்துவிடும். பழையது தட்டில் இருக்கும், அதைக் காட்டுவதற்குப் பெயர் இருக்காது. இதற்கு மருந்து எளிது. ஒவ்வொரு தடவைக்கும் தனிப் போல்டர், அதன் பெயரில் வருஷமும் விசேஷமும். "2006 கோணக்கலை கல்யாணம்", "2007 டெமேரியா தேர்" என்று ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சத்தத்தை எழுதி வைப்பேன். தமிழ் எழுத்தில் வைத்தால் அந்த நாளைய பிளேயர்கள் கட்டம் கட்டமாகக் காட்டும்.

பிளேயர் என்றதும் வருவது அடுத்த பெரிய தகராறு. லயத்தில் கணினி இருந்த வீடு குறைவு. இருந்ததெல்லாம் டிவியும் சீன வீசீடி, டிவிடி பிளேயரும்தான். கரண்ட் இல்லாத லயத்தில் அதையே கார் பெட்டரியில் மாட்டி ஓட்டுவார்கள். அந்தப் பிளேயர்கள் ஜேபெக் படமும் காட்டும். ஆனால் அவற்றில் பல, முதல் செஷனை மட்டுமே வாசிக்கக் கூடியவை. கணினி கடைசிப் பட்டியலைப் பார்க்க, பிளேயர் முதல் பட்டியலோடு நின்றுவிடும். ஒரே சீடி, கடையில் போட்டால் எல்லாம் தெரிகிறது, தெல்பெத்தையில் வீட்டு டிவியில் போட்டால் பழைய கல்யாணப் படம் மட்டும்தான். "கடைக்காரத் தம்பி ஏமாத்திட்டான்" என்று கோபத்தோடு வந்தவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. யாராவது சொல்லிக் கொடுத்தால்தானே தெரியும்? பிறகு நான் முதலிலேயே கேட்டுவிடுவேன்: "ஐயா, இது டிவியில பாக்கவா, இல்ல படத்த வைக்கவா?" டிவியில் பார்ப்பதற்கென்றால் பழையதையும் புதியதையும் கணினிக்கு எடுத்து, ஒரே செஷனாகப் புதிய சீடியில் எழுதி மூடித்தான் கொடுக்கவேண்டும். வைப்பதற்கென்றால் பழையதிலேயே சேர்க்கலாம். பாட்டு சீடியும் இப்படித்தான். சாதாரண ஓடியோ பிளேயர் முதல் செஷனைத் தாண்டாது.

கோத்தகிரிச் சீடியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முழுதாகாது.

1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத்துக் குடும்பங்களைப் பிரித்த கதை எல்லோருக்கும் தெரியும். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிக்கை பேசினார்கள். மீதி இருந்த 150,000 பேரை 1974இல் இரண்டு நாடும் சரிபாதியாகப் பங்கு போட்டன. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் இறங்கியவர்களில் பலர் நீலகிரிக்குப் போனார்கள். கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் தாயகம் திரும்பியவர்களுக்கென்று தமிழ்நாடு அரசு நடத்திய டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் மறுபடி கொழுந்துக் கூடையை மாட்டினார்கள். ஊவாவில் அக்காவும் நீலகிரியில் தங்கச்சியும், அல்லது மறுதலையாக, இருக்கிற குடும்பம் பதுளை மாவட்டத்தில் எத்தனையோ.

ஸ்பிரிங்வெலிப் பக்கத்து அம்மா ஒருவர், வயது எழுபதைத் தாண்டியவர், மகனோடு கடைக்கு வந்தார். அவருடைய தங்கச்சி கோத்தகிரியில். இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் ஒரு சீடி போய் வந்துகொண்டிருந்தது. இங்கே பேத்தி கல்யாணப் படத்தை எழுதி, பழனிக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பினார்கள். அங்கே பார்த்துவிட்டு, மிச்சம் இருந்த இடத்தில் தங்கள் வீட்டுப் படத்தைச் சேர்த்துத் திருப்பி அனுப்பினார்கள். இங்கே மறுபடி சேர்த்தார்கள். அந்த இங்கே நான்தான். கடைசியாக அது கோத்தகிரியிலிருந்து வந்தபோது, அங்குள்ள ஏதோ ஒரு கடையில் பழைய பட்டியலை எடுக்காமல் எழுதியிருந்தார்கள். திரையில் தங்கச்சி வீட்டுக் கிரகப்பிரவேசப் படம் மட்டும் இருந்தது.

"நாங்க போட்டு அனுப்புனது ஒன்னுமே இல்லீங்க தம்பி. பிடிக்காம அழிச்சுட்டாளா?" என்று கேட்டார் அந்த அம்மா. படம் போனதைவிட, தங்கச்சி அழித்திருப்பாளோ என்பதுதான் அவருக்கு வலித்தது.

சீடியைத் திருப்பிப் பிடித்தேன். வளையங்கள் நாலும் தெளிவாக இருந்தன. ஐசோபஸ்டர் என்று ஒரு மென்பொருள் உண்டு. அது சீடியில் உள்ள செஷன்களை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தனித்தனியே காட்டும். கடைசிப் பட்டியலோடு நிற்காது. அதில் திறந்தவுடன் முதல் செஷனில் பேத்தி மணவறையில், இரண்டாவதில் கோத்தகிரித் தங்கச்சி பேரனோடு, மூன்றாவதில் நான் எழுதிய சடங்குப் படம், நாலாவதில் கிரகப்பிரவேசம். நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு அந்த அம்மாவுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினேன். "யாரும் அழிக்கல்லம்மா. இந்தச் சீடியில அழிக்கவே ஏலாது. அங்க எழுதுனவங்க பழைய லிஸ்டைச் சேக்கல்ல, அவ்வளவுதான்" என்றேன். அவர் மகனைப் பார்த்து, "அப்ப போன் போட்டுச் சொல்லு அவளுக்கு" என்றார். அந்தக் கடையிலேயே ஐடிடி கோல் எடுத்துப் பேசிவிட்டுத்தான் போனார்கள். நாலு செஷனையும் கணினிக்கு எடுத்து, புதிய சீடிகளில் இரண்டு பிரதியாக ஒழுங்காக எழுதிக் கொடுத்தேன், ஒன்று இங்கே, ஒன்று அங்கே.

சீடியில் அழிக்க முடியாது என்பதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. அழித்தெழுதும் சீடி 1997 அளவில் வந்தபோது அதைப் பெரிய முன்னேற்றம் என்றார்கள். எங்கள் ஜனங்களின் படத்தைப் பொறுத்தவரை, அழிக்க முடியாததுதான் நல்லது என்பது என் முடிவு. பென் டிரைவில் தவறிப்போய் போர்மட் அடித்தால் போனது போனதுதான் என்று ஆகிவிடலாம். சீடியில் யார் எவ்வளவு குளறுபடி செய்தாலும் அடியில் பழையது கிடக்கும்.

இந்தச் சேர்த்தெழுதும் வேலை உலகத்தில் பரவியதற்கே குடும்பப் படம்தான் காரணம் என்பதைப் பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டேன். 1992இல் கொடாக் கம்பெனி போட்டோ சீடி என்ற ஒன்றை விற்பனைக்கு விட்டது. பிலிம் சுருளை லேபில் கொடுத்தால் படங்களை சீடியில் எழுதித் தருவார்கள். ஒரு சீடியில் நூறு படமளவு கொள்ளும். 36 படம் மட்டும் எழுதினால் மீதி இடம் வீண். ஆகவே அடுத்த சுருளைக் கொண்டுபோகும்போது அதே சீடியையும் கொண்டுபோனால் சேர்த்து எழுதித் தருவார்கள். அதற்கு முந்திய டிரைவ்கள் முதல் செஷனோடு நின்றுவிடும் என்பதால், பல செஷன் வாசிக்கிற டிரைவ்கள் சந்தைக்கு வந்தன. அமெரிக்காவில் பிலிம் லேபில் ஆரம்பித்த அதே கேள்வியைத்தான் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு கோணக்கலையிலிருந்து வந்த ஓர் அக்காவும் என்னிடம் கேட்டிருக்கிறார்.

கரண்ட் ஒரு தனிப் பிரச்சினை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பதுளையில் நினைத்த நேரத்துக்குக் கரண்ட் போகும். எழுதிக்கொண்டிருக்கும்போது போனால் அந்தச் செஷன் போச்சு. வேலி போடும் வேலை கடைசியில்தான் நடக்கும் என்பதால், பாதியில் நின்ற செஷனை டிரைவ் ஒழுங்காக வாசிக்காது. ஆனால் அதற்கு முந்திய செஷன்கள் பெரும்பாலும் தப்பிவிடும். இதனால்தான் சேர்த்து எழுதுவதற்கு முன்னால் பழையதைக் கணினியில் ஒரு பிரதி எடுத்துவிட்டுத்தான் கை வைக்கவேண்டும் என்று பழகினேன். யூபிஎஸ் இல்லாமல் எழுதவே கூடாது. டேட்டா வந்து சேரத் தாமதமானால் சீடி பாழாவது 2000க்கு முன்னால் சாதாரணம். சான்யோவின் பேர்ன்-புரூஃப் போன்ற வசதிகள் வந்த பிறகு அந்தத் தொல்லை போனது. கரண்ட் தொல்லை போகவில்லை.

மத்திய கிழக்கிலிருந்து வந்த பிள்ளைகள் ஹேண்டிகேம் கொண்டுவருவார்கள். அதில் எட்டு சென்டிமீட்டர் குட்டி டிவிடி, 1.4 ஜிபி. எடுத்த வீடியோவை அந்தக் கேமராவிலேயே பைனலைஸ் பண்ணினால்தான் வேறு மெஷினில் ஓடும். பலர் கேமராவை அங்கேயே விற்றுவிட்டு, டிஸ்க்கை மட்டும் கொண்டுவந்திருப்பார்கள். கணினியில் போட்டால் வெற்று டிஸ்க் என்று சொல்லும். "ஒன்னுமே இல்லையாம்" என்று தூக்கிப் போட இருந்தவற்றில் சிலதை ஐசோபஸ்டரால் மீட்க முடிந்தது. அதிலும் அடிப்பக்கத்தைப் பார்த்தால் போதும், எழுதிய வளையம் தெரிந்தால் உள்ளே வீடியோ இருக்கிறது. விண்டோஸ் ஏழு வந்த பிறகு இன்னொரு குழப்பம். சீடியைப் போட்டவுடன், பென் டிரைவ் மாதிரிப் பாவிக்கவா, சீடி பிளேயரில் போடவா என்று கேட்கும். முதலாவதை அழுத்தினால் வேறு விதமான முறையில் எழுதும். வீட்டு டிவிப் பிளேயர் அதைத் தொடவே தொடாது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தது. மலை வந்து லயங்களை மூடியது. அங்கே ஆபத்து இருக்கிறது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுத்திருந்தும் ஜனங்களை நல்ல இடத்தில் குடியேற்றாமல் விட்டார்கள். உயிரோடு தப்பியவர்களிடம் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் ஒன்றும் மிஞ்சவில்லை. இறந்தவர்களின் முகத்தைப் பார்க்க வீட்டில் ஒரு படமும் இல்லை. அடுத்த மாதங்களில், அங்கே சொந்தக்காரர் இருந்த இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் தங்கள் கல்யாண சீடிகளைக் கொண்டுவந்தன. படத்தைச் சேர்க்கச் சொல்லி இல்லை. மணவறைக்குப் பின்னால் நிற்கிறவர்கள், பந்தியில் உட்கார்ந்திருக்கிறவர்கள், மாலையோடு பக்கத்தில் ஒதுங்கி நிற்கிறவர்கள், அவர்களில் ஒருவரைக் காட்டி, "இவங்க முகம் மட்டும் பெருசாக்கித் தாங்க" என்று கேட்டார்கள். அந்தப் படங்களைச் சரிபார்த்து எடுத்துக் கொடுக்க எடுத்த ஒவ்வொரு மணித்தியாலமும் எனக்கு முக்கியமானது. அதற்குப் பிறகு, இரண்டு பிரதி எழுதாமல் நான் யாரையும் அனுப்பவில்லை. ஒன்று லயத்தில் இருக்கட்டும், மற்றது வேறு தோட்டத்தில், வேறு மலையில் உள்ள சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லியே கொடுத்தேன். படத்தோடு சேர்த்து பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், தாத்தாவின் பழைய இந்தியப் பாஸ்போட், பிரஜாவுரிமைப் பத்திரம் இருந்தால் அதையும் ஸ்கேன் பண்ணி ஒரு போல்டரில் போடச் சொல்வேன். 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம் வந்து பிரஜாவுரிமைப் பிரச்சினை தீர்ந்தாலும், ஒரு கடதாசி இல்லாததால் எத்தனை கந்தோரில் நிற்கவேண்டியிருக்கும் என்பது தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும்.

இப்போது யாரும் சீடி எழுதச் சொல்லி வருவதில்லை. போனில் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். புதிய மடிக்கணினிகளில் டிரைவே இல்லை. ஆனால் அந்தப் பத்து வருஷத்தின் படம் போனில் இல்லை, சீடியில்தான் இருக்கிறது. அதன் சாயம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் மங்கும். எங்கள் பக்கத்து மார்கழிக் குளிரில், லயத்துச் சுவர் கசிகிற ஈரத்தில், உறைக்குள்ளே பூஞ்சணம் பிடிக்கும். பலர் நினைப்பதுபோல் அடிப்பக்கம் அவ்வளவு ஆபத்தானதில்லை, அங்கே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடித்த பிளாஸ்டிக் இருக்கிறது. அடிப்பக்கக் கீறலை ஓரளவு மெருகேற்றலாம். எழுத்து இருப்பது பெயர் எழுதுகிற மேல்பக்கத்துக்கு நேர் கீழே, மெல்லிய லாக்கருக்கு அடியில். போல் பொயின்ட் பேனையால் அழுத்தி "மாமா கல்யாணம்" என்று எழுதியதே சில சீடிகளைக் கெடுத்தது. ஒட்டிய லேபிளைப் பிய்க்கப் போனால் உலோகப் படலமும் சேர்ந்து வரும். லேபிள் ஒட்டியிருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

அலுமாரியிலோ, சாமிப் படத்துக்குப் பின்னாலோ அப்படி ஒரு சீடி இருந்தால் இந்த வருஷமே எடுத்துக்கொண்டு போங்கள். யூஎஸ்பியில் மாட்டுகிற வெளி டிரைவ் இருக்கிற கடை, ஸ்டூடியோ, தெரிந்த தம்பிமார் யாராவது போதும். போட்டவுடன் திரையில் தெரிவதை மட்டும் இழுத்துக் கொப்பி எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். முதலில் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்து வளையத்தை எண்ணச் சொல்லுங்கள். எத்தனை வளையமோ அத்தனை செஷன். ஒவ்வொரு செஷனையும் தனித்தனிப் போல்டராக எடுக்கச் சொல்லுங்கள், ஒரே பெயரில் இரண்டு படம் இருந்தால் ஒன்று மற்றதை விழுங்காமல் இருப்பதற்கு. ஒரு டிரைவ் வாசிக்காத சீடியை இன்னொரு டிரைவ் வாசிக்கக்கூடும், ஆகவே ஒரு இடத்தில் முடியாது என்றால் நம்பிவிடவேண்டாம். ஈரம் பிடித்திருந்தால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து வெளி விளிம்புக்கு நேராகத் துடைக்கவேண்டும், சுற்றித் துடைக்கக் கூடாது. எடுத்த பிறகும் அந்தச் சீடியை எறியாதீர்கள். உறையில் போட்டு, நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். எடுத்த படங்களை ஒரு பென் டிரைவிலும், வெளியூரில் இருக்கிற பிள்ளையிடம் இன்னொரு பிரதியாகவும் வைத்து, படத்தில் இருக்கிறவர்களின் பெயரையும் தோட்டத்தையும் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கிறபோதே கேட்டு அதே போல்டரில் எழுதிப் போடுங்கள்.